பாலகரின் பற்களும் பெற்றோரின் கைகளும்

ஸஹீஹ் முஸ்லிமுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதிய விரிவுரையில், தூய்மை பற்றிய பாடத்தில், மிஸ்வாக்கின் சட்டங்கள் தொகுத்துக் கூறப்படுகின்றன. எத்தகைய குச்சி சிறந்தது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், எந்நேரங்களில் அது வலியுறுத்தப்படுகிறது என்றெல்லாம் விளக்கிச் செல்லும் இமாமவர்கள், இடையே ஒரு சிறு செய்தியையும் சேர்த்துள்ளார்கள். சிறுவர்களை மிஸ்வாக் செய்யப் பழக்குவது விரும்பத்தக்கது. அதனால் அது அவர்களுக்கு வழக்கமாகிவிடும் என்பதே அச்செய்தி. ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த ஓர் அறிஞர், பெரியவர்களுக்கான வணக்கச் சட்டங்களை எழுதிச் செல்லும்போதே பிள்ளைகளின் வாயையும் நினைவில் கொண்டிருக்கிறார். அவர்கள் ஆண்ட சொல்லும் கருதத்தக்கது. கற்பித்தல் என்றோ கட்டளையிடுதல் என்றோ கூறாமல், பழக்குதல் என்றார்கள். அந்த அரபுச் சொல்லின் வேர் ‘திரும்ப வருதல்’ என்னும் பொருளுடையது. நாள்தோறும் திரும்ப வருவதுதானே பழக்கம்!

மிஸ்வாக்கின் சிறப்புப் பற்றி நம்மிடையே எழுதப்பட்ட நூல்களுக்குக் குறைவில்லை. ஜும்ஆ நாட்களில் பள்ளிவாசல்களின் வாயிலில் குச்சிகள் கட்டுக்கட்டாக விற்பனையாகின்றன. ஆயினும் நம் இல்லங்களில் ஐந்து வயதுப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தால், பின்பற்களில் கரும்பள்ளங்களைக் காண்பது அரிதன்று. வாப்பாவின் சட்டைப்பையில் மிஸ்வாக் இருக்கிறது. பிள்ளையின் பல்லில் சொத்தை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எப்படி உண்டாயிற்று, அதை எப்படிக் கடப்பது என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையன்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, பால்பற்களில் சொத்தையுள்ள குழந்தைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ 51 கோடியே 40 இலட்சம் என மதிப்பிட்டது. பெரும்பாலும் தடுத்துவிடக்கூடிய ஒரு நோய்க்கு இத்தனை பெரிய எண்ணிக்கை! இதற்கு வறுமை ஒரு காரணம். மலிவாகக் கிடைக்கும் இனிப்பு மற்றொரு காரணம். ஆனால் வசதியுள்ள வீடுகளிலும் இந்நோய் குறையாதிருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. ‘விழுந்து முளைக்கப்போகும் பல்தானே!’ என்னும் எண்ணம்தான் அது.

பால்பற்கள் இருபது. ஆறு மாதம் தொடங்கி முளைக்கும் அவை, இரண்டரை அல்லது மூன்று வயதுக்குள் முழுமை பெறுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுவதைக் காணும் நாம், எல்லாப் பால்பற்களும் அப்போதே விழுந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். பின்புறமுள்ள பால் கடைவாய்ப்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருந்தாக வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான பல்லோடு ஒரு பிள்ளை ஏழெட்டு ஆண்டுகள் மென்று தின்ன வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், ‘விழும் பல்தானே’ என்ற ஆறுதல் நிற்காது. பால்பல்லின் மேற்பூச்சான எனாமல் மெல்லியது. ஆகவே சொத்தை விரைவாக உள்ளிறங்கி நரம்பைத் தொட்டுவிடும். இரவில் காரணம் சொல்லத் தெரியாமல் அழும் குழந்தை, ஒரு பக்கமாகவே மெல்லும் குழந்தை, இறைச்சியையும் பழத்தையும் ஒதுக்கிக் கஞ்சியை மட்டும் கேட்கும் குழந்தை ஆகியோருள் பலருக்கு உண்மையான குறை பல்வலியே. காலத்துக்கு முன்பே ஒரு பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாய்கின்றன. கீழிருந்து வரவேண்டிய நிலைப்பல்லுக்கு இடமில்லாமல் அது கோணலாக முளைக்கிறது. பதினைந்து வயதில் கம்பி கட்டுவதற்கு ஆகும் செலவின் வேர், பல வீடுகளில், நான்கு வயதில் கவனிக்காமல் விட்ட ஒரு பல்லில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று ஓசையின்றி நிகழ்கிறது. ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களின் வரிசைக்குப் பின்னால், மேலும் கீழும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. பல் விழுந்தால் அதைக் கூரைமேல் எறிந்து கொண்டாடும் வீட்டில்கூட, இவற்றின் வருகையை ஒருவரும் அறிவதில்லை. கண்டாலும் இவற்றையும் பால்பற்கள் என்றே கருதிவிடுகிறோம். உண்மையில் இவை வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப்பற்கள். மெல்லும் வேலையின் பெரும்பாரத்தைச் சுமப்பவை. மற்ற நிலைப்பற்கள் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்பதற்கு அளவுகோலாக நிற்பவை. புதிதாக முளைத்த நிலையில் இவற்றின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்களும் வெடிப்புகளும் இருக்கின்றன. முழுவதும் வெளிவரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை மற்றப் பற்களைவிடத் தாழ்ந்தே இருப்பதால், நேராகத் தேய்க்கும் பிரஷ் இவற்றின்மேல் படுவதில்லை. பிள்ளை தானாகத் துலக்கத் தொடங்கி, பெற்றோர் கையை எடுத்துக்கொள்ளும் வயதும் இதே ஆறு வயதுதான். காவல் விலகும் அதே நேரத்தில் விலைமதிப்புள்ள பொருள் வீட்டுக்கு வருகிறது! பத்து வயதில் ‘நிலைப்பல் சொத்தை’ என்று மருத்துவர் சொல்லும்போது பெற்றோர் திகைப்பது இதனால்தான்.

இனிப்பும் வேளையும்

சொத்தை என்பது பல்லைப் புழு அரிப்பதன்று. பல்லின்மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள கால்சியம், பாஸ்பேட் ஆகிய கனிமங்களைக் கரைக்கிறது. பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த கனிமங்களில் ஒரு பகுதியைத் திரும்பப் பதிய வைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீஃபன் 1940களில் இதை அளந்து காட்டினார். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே அமிலத்தன்மை ஏறிவிடுகிறது; அது இறங்கிப் பழைய நிலைக்கு வர அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை ஆகிறது. எனவே ஒருநாளில் எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைக் காட்டிலும், எத்தனை முறை தின்றோம் என்பதே பல்லின் கதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஒரு லட்டை உணவோடு சேர்த்து உண்ட பிள்ளையின் பல் ஒரு தாக்குதலைத்தான் சந்திக்கிறது. ஒரே மிட்டாயைப் பொட்டலத்தில் மடித்து வைத்து மாலை முழுவதும் எடுத்தெடுத்துச் சுவைக்கும் பிள்ளையின் பல்லுக்கு மீள்வதற்கே நேரமில்லை.

இதை உறுதிப்படுத்திய பெரிய ஆய்வு, சுவீடன் நாட்டின் லுண்ட் நகருக்கு அருகேயுள்ள வீபெஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் 1953 வரை நடந்தது. மனவளர்ச்சி குன்றியோரின் ஒப்புதல் இன்றி, உணவுவேளைகளுக்கு இடையில் அவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துப் பற்களைச் சொத்தையாக்கிப் பார்த்த ஆய்வு அது. அறிவுலகம் அதன் முடிவை ஏற்றுக்கொண்டது. அதன் வழிமுறையை எண்ணி இன்றும் நாணுகிறது, நாணத்தான் வேண்டும். ஒட்டிக்கொள்ளும் இனிப்பு, அதுவும் வேளைகளுக்கு இடையே தின்னும் இனிப்பு, மிகக் கொடியது என்பது அதன் முடிவு. அதன்பின் சுவீடன் மருத்துவ அதிகாரிகள் பெற்றோருக்கு ஒரு யோசனை கூறினர்: பிள்ளைகளுக்கு மிட்டாயை வாரத்தில் ஒருநாள் மட்டும் கொடுங்கள். சனிக்கிழமை மிட்டாய் என்பது அந்நாட்டுக் குடும்பங்களில் இன்றளவும் ஒரு வழக்கமாக இருந்து வருகிறது. தடை செய்யாமல் வேளை குறித்ததனால்தான் அது நிலைத்தது.

கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் ‘அல்கானூன்’ நூலில் பற்களைக் காக்க விரும்புவோர் கடைப்பிடிக்க வேண்டியவற்றைக் கூறுமிடத்தில், ஒட்டும் பண்டங்களை, குறிப்பாக மிட்டாய், பிசுபிசுப்பான அத்திப்பழம் போன்ற இனிப்பானவற்றை, மெல்லுவதைத் தவிர்க்கும்படி எழுதியுள்ளார். நுண்ணுயிர் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. நோயாளிகளின் வாயைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். நவீன ஆய்வு ஒவ்வொன்றையும் ‘நாம் அன்றே சொல்லிவிட்டோம்’ என்று முழங்குவதற்கு இத்தகைய செய்திகளைப் பயன்படுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் கையில் தரப்பட்ட ஓர் அறிவுரையை நாம் என்ன செய்தோம் என்று கேட்பதே பொருத்தம்.

நம் வீடுகளில் இனிப்பு, அன்பின் மொழியாகவும் பரக்கத்தின் அடையாளமாகவும் இருக்கிறது. பிஸ்மில்லாஹ் ஓதத் தொடங்கினால் இனிப்பு, குர்ஆன் முடித்தால் இனிப்பு, மௌலிது மஜ்லிஸில் இனிப்பு, மக்தபில் பாடத்தை ஒப்புவித்தால் மிட்டாய். இவற்றை ஒழிக்கச் சொல்வது நடவாதது; தேவையும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த நார்சா பொட்டலத்தைப் பிள்ளையின் கையில் அப்படியே கொடுத்துவிடாமல், இரவு உணவோடு சேர்த்து உண்ணச் செய்யலாம். மக்தபில் பரிசாக மிட்டாய்க்குப் பதில் பென்சிலோ வண்ணத்தாளோ கொடுக்கலாம். உஸ்தாதுமார் மனம் வைத்தால் ஒரே வாரத்தில் நடக்கக்கூடிய மாற்றம் இது. தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் பலரும் இனிப்பாகவே கருதுவதில்லை. பல்லிடுக்கில் மாவாக ஒட்டிக்கொள்ளும் அது, மிட்டாயைவிட நெடுநேரம் அங்கேயே தங்கும். பேரீச்சம்பழம் சிறந்த உணவு. அதுவும் ஒட்டும் பண்டமே. உண்டபின் தண்ணீர் குடித்து வாய் கொப்பளிப்பது அதன் சிறப்பைக் குறைத்துவிடாது.

இரவு என்னும் மறந்த வேளை

தமிழ்நாட்டில் பல் துலக்குதல் என்றாலே காலைக்கடன் என்பது பொருளாகிவிட்டது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்னும் பழமொழி நம் மண்ணுக்குரியது. (அதில் வரும் ‘வேல்’ என்பது வேம்பன்று, வேலமரம், இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கின்றனர்.) அந்தக் குச்சிகளும் விடியற்காலைக்கே உரியவையாக இருந்தன. ஆனால் பல்லுக்கு ஆபத்தான வேளை இரவே. உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. அமிலத்தைத் தணிக்க ஆளில்லை. இரவு உணவின் எச்சத்தோடும், படுக்கையில் குடித்த சர்க்கரைப் பாலோடும் உறங்கிப்போன பிள்ளையின் வாயில் நுண்ணுயிர்களுக்கு எட்டு மணிநேர விருந்து. பால்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்க விடுவதும், அழுகையை நிறுத்த இரப்பர்க் காம்பைத் தேனில் தோய்த்துக் கொடுப்பதும் மேல் முன்பற்கள் நான்கையும் இரண்டு வயதுக்குள் கரைத்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது வேறொரு காரணத்தாலும் ஆபத்து. குழந்தையின் குடலில் நச்சுண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் அதில் இருக்கக்கூடும்.

இங்கேதான் மிஸ்வாக் மரபை நாம் பாதி மட்டுமே எடுத்துக்கொண்டோம் என்று தோன்றுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் விழித்தெழும்போது மிஸ்வாக் செய்ததை ஹுதைஃபா (ரலி) அவர்களும், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மிஸ்வாக் செய்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் அறிவித்துள்ளனர். தம் சமுதாயத்தாருக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால் ஒவ்வொரு தொழுகையின்போதும் அதைக் கட்டளையாக்கியிருப்பார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற நபிமொழியின் கருத்து. இவ்வறிவிப்புகளை ஒருங்கே நோக்கினால், வாய்த்தூய்மை தனித்த ஒரு வேலையாக நிற்காமல், ஏற்கெனவே நிகழ்ந்துகொண்டிருக்கும் வேறொரு செயலோடு, அதாவது விழித்தல், வீடு நுழைதல், உளூச் செய்தல், தொழுதல் ஆகியவற்றோடு, பிணைக்கப்பட்டிருப்பது புலனாகும். பழக்கத்தைப் பற்றி ஆராய்வோர் இன்று கூறுவதும் இதுவே: புதிய பழக்கம் பழைய பழக்கமொன்றின் தோளில் ஏறியே நிலைபெறும். பிள்ளைக்கு ‘இரவில் பல் துலக்கு’ என்று நாள்தோறும் நினைவூட்டுவதைவிட, இஷாவுக்கு வீட்டார் உளூச் செய்யும் நேரத்தையே பிள்ளையின் பல் துலக்கும் நேரமாக்கிவிடுவது எளிது. இஷாவுக்குப் பிறகே இரவு உணவு என்றால், படுக்கைக்குச் செல்லும்முன் ஓதும் துஆவோடு அதை இணைக்கலாம். அதற்குப்பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

அந்த நபிமொழியில் கற்பிப்போருக்கு மற்றொரு குறிப்பும் உண்டு. இவ்வளவு விரும்பிய ஒன்றையே சிரமம் கருதிக் கட்டளையாக்காமல் விட்டார்கள். நாமோ மூன்று வயதுப் பிள்ளையின் தாடையை அழுத்திப் பிடித்து, அழ அழத் தேய்த்து, அவ்வேளையையே அதன் பகையாக்கிவிடுகிறோம்.

யாருடைய கை?

பிரஷ்ஷை வாங்கிக் கொடுத்து, பற்பசையைப் பிதுக்கி வைத்து, ‘போய்த் துலக்கிவிட்டு வா’ என்று அனுப்பிவிடுவது கற்பித்தலாகாது. சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடவும் எழுத்தைக் கோட்டுக்குள் எழுதவும் வராத விரல்கள், கடைவாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்துவிடா. ஏழு அல்லது எட்டு வயதுவரை பிள்ளையின் பல்லைத் துலக்க வேண்டியவர் பெற்றோரே என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் ஒருமித்த அறிவுரை. பிள்ளை முதலில் தன் கையால் தேய்க்கட்டும், அது பயிற்சி. பிறகு பெரியவர் தம் கையால் தேய்க்கட்டும். சுத்தம் அதில்தான் இருக்கிறது.

செய்முறை எளிது. கைக்குழந்தையின் ஈறுகளைத் தூய ஈரத்துணியால் துடைக்கலாம். முதல் பல் தலைகாட்டியதும் சிறிய தலையும் மென்மையான இழைகளும் உள்ள பிரஷ்ஷைத் தொடங்க வேண்டும். பெரியவர் பிள்ளைக்குப் பின்னால் நின்று, அதன் தலையைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டால் வாயின் உட்புறம் நன்கு தெரியும். தம் பல்லைத் துலக்கும் அதே வாக்கில் கையும் செல்லும். இழைகளைப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் வைத்து, சிறுசிறு வட்டங்களாக அசைத்து, வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்று வரிசை தவறாமல் இரண்டு நிமிடங்கள் தேய்த்தால் போதும். ஆறு வயது கடைவாய்ப்பல் பாதி வெளிவந்த நிலையில் இருந்தால், பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து அதன் மேற்பரப்பைத் தனியே தேய்த்துவிட வேண்டும். ஓயாமல் அசையும் சிறு குழந்தையாயின் தாயும் தந்தையும் முழங்காலோடு முழங்கால் சேர்த்து எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் மடியில் தலையும் மற்றவர் மடியில் உடலுமாகப் படுக்க வைக்கலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதிநோயின்போது நிகழ்ந்த ஒன்றைப் புகாரி பதிவு செய்துள்ளது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக்கின்மீது நபியவர்களின் பார்வை பதிந்தது. அதன் பொருளை உணர்ந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதை வாங்கி, மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். தம்மால் இயலாத நிலையிலிருப்பவருக்கு அதை மென்மையாக்கி அருகில் கொண்டுபோய்க் கொடுப்பது மற்றவரின் பணி. குழந்தையும் இயலாத நிலையில் இருப்பதுதான்.

தொழுகையை ஏழு வயதில் ஏவும்படியும், பத்து வயதில் அதில் கண்டிப்புக் காட்டும்படியும் அபூதாவூதில் இடம்பெறும் நபிமொழி பெற்றோர் அனைவரும் அறிந்தது. ஏழுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் சொல்லிச் சொல்லிப் பழக்குவதற்கே விடப்பட்டுள்ளன. பல் துலக்குவதிலும் கையை ஒரே நாளில் எடுத்துக்கொள்வது முறையன்று. ஏழு வயதுப் பிள்ளை காலையில் தானே துலக்கட்டும், இரவில் பெற்றோர் கை இருக்கட்டும். ஒன்பதில் இரவிலும் தானே துலக்கட்டும், பெற்றோர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பார்த்துக்கொண்டு நிற்பவரும் தம் பல்லைத் துலக்கிக்கொண்டு நிற்பாராயின் இன்னும் நல்லது.

பற்பசையின் அளவில் தவறு மிகுதி. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுவதும் நீளமாகப் பிதுக்குவது பெரியவருக்கே தேவையில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014இல் திருத்திய அறிவுரைப்படி, முதல் பல் முளைத்தது முதல் மூன்று வயதுவரை ஓர் அரிசிமணி அளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவும் ஃப்ளோரைடு கலந்த பற்பசை போதும். ஃப்ளோரைடு, கரைந்த கனிமங்கள் திரும்பப் பதியத் துணைசெய்து எனாமலை உறுதிப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃப்ளோரைடு பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்தது. துலக்கியபின் துப்பினால் போதும்; பலமுறை கொப்பளித்தால் அது முழுவதும் கழுவப்பட்டுவிடும். விழுங்கக் கூடாது என்பதால்தான் அளவு இவ்வளவு சிறிது. நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃப்ளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல தலைமுறைப் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறின. அங்கு 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கு அதுவே காரணம். அத்தகைய ஊர்களில் வாழ்வோர் பற்பசை பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்டு நடப்பது நல்லது. செங்கற்பொடி, கரி, உமிச்சாம்பல் ஆகியவை பிள்ளைகளுக்கு வேண்டா. பளபளப்பாக்குவதுபோல் எனாமலைத் தேய்த்துவிடும். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. பாட்டிமார் விரலில் தொட்டுத் தேய்க்கும் பொடி எதுவாயினும், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பேரப்பிள்ளையின் வாயில் வைக்கக் கூடாது.

மிஸ்வாக்கா, பிரஷ்ஷா?

இக்கேள்வி நம்மிடையே தேவையற்ற சூட்டோடு கேட்கப்படுகிறது. பல்லின் அழுக்கையும் வாயின் மாற்றத்தையும் நீக்கும் சொரசொரப்பான எதைக் கொண்டு தேய்த்தாலும், முரட்டுத் துணியாக இருந்தாலும்கூட, மிஸ்வாக் செய்த நிலை கிடைத்துவிடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அதே பகுதியில் எழுதியுள்ளார்கள். அராக் குச்சி சிறப்புடையது என்பதில் கருத்து வேறுபாடில்லை. அது புண்படுத்தும் அளவு காய்ந்ததாகவும், அழுக்கைப் போக்காத அளவு ஈரமானதாகவும் இருக்கக் கூடாது என்றும் அவர்கள் கூறுகிறார்கள்.

அராக் மரம் நமக்கு அந்நியமானதன்று. சங்கப் பாடல்களில் பாலை நில மரமாக வரும் உகாய் அதுவே. அதன் வேரில் நுண்ணுயிர்களை அடக்கும் கந்தகச் சேர்மங்களும், துவர்ப்பொருளும், சிலிக்காவும் உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன; உலக சுகாதார நிறுவனமும் 1980களில் அது வழக்கிலுள்ள நாடுகளில் அதன் பயன்பாட்டை ஊக்குவித்தது. முறையறிந்து பயன்படுத்தும் பெரியவருக்கு அது பிரஷ்ஷுக்கு ஈடாக முடியும். முறையறியாமல் முன்பற்களை மட்டும் அழுத்தித் தேய்ப்போருக்கு ஈறு கீழிறங்குவதும், கடைவாயின் உட்புறம் அழுக்காகவே இருப்பதும் உண்டு. இப்னு ஸீனாவும் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும் மிதமிஞ்சித் தேய்த்தால் பல்லின் மெருகு போய்விடும் என்று எச்சரித்தது இதைக் கண்டுதான் போலும். குழந்தையின் சிறிய வாயில், பின்பற்களின் உட்புறத்துக்குக் குச்சியைக் கொண்டுசெல்வது பெரியவர் கைக்கே அரிது. பற்பசையின் ஃப்ளோரைடு அளவும் அதில் இல்லை. எனவே பத்து வயதுவரை பிரஷ்ஷும் பற்பசையும் அடிப்படையாக இருக்கட்டும். தொழத் தொடங்கும் பிள்ளைக்கு உளூவின்போது மிஸ்வாக் துணையாக இருக்கட்டும். நுனியை ஓர் அங்குலத்துக்குத் தோல் சீவி, நீரில் ஊறவைத்து, மென்று இழையாக்குவதைத் தந்தை செய்து காட்டலாம். இழைகள் நைந்ததும் அப்பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக்குச்சி வேண்டும். சொத்தைக்குக் காரணமான நுண்ணுயிர்கள் பெரியவரின் உமிழ்நீர் வழியாகவே குழந்தைக்குச் செல்கின்றன. ஒரே கரண்டியில் ருசி பார்த்து ஊட்டுவதும் அத்தகையதே.

ரமளானில் இப்பழக்கம் பல வீடுகளில் முறிந்துபோகிறது. நோன்பாளியின் வாய்வாடை பற்றிய நபிமொழியைக் காரணம் காட்டிப் பகல் முழுவதும் வாயைத் தொடாமல் விடுவோர் உண்டு. நண்பகலுக்குப் பின் நோன்பாளி மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. ஹனஃபி மத்ஹபில் அது மக்ரூஹன்று. ஷாஃபிஈ அறிஞரான இமாம் நவவீ (ரஹ்) அவர்களே தம் ‘மஜ்மூஃ’ நூலில் மக்ரூஹன்று என்ற கருத்தின் பக்கம் சாய்ந்துள்ளார்கள். இந்தக் கருத்து வேறுபாடு பகலைப் பற்றியது. நம் பிள்ளைகளின் பல் கெடுவதோ ஸஹரில்தான். பாலும் பழமும் சர்க்கரையும் பிசைந்த சோற்றை உண்டு, நிய்யத்தை வைத்து, தொழுதுவிட்டு அப்படியே உறங்கிவிடுகின்றனர். ஸஹரை முடிக்கும்போதே, பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்னதாக, பற்பசையோடு துலக்கிவிட்டால் எந்த மத்ஹபிலும் சிக்கலில்லை.

கடைசியாக, பார்ப்பது பற்றி. மாதம் ஒருமுறை பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, மேலுதட்டை விரலால் உயர்த்திப் பார்க்க வேண்டும். முன்பற்களில் ஈறையொட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல் வெளிறிய ஒரு வரி தெரிந்தால் அது சொத்தையின் முதல் நிலை. அப்போது இரவு துலக்கலை ஒழுங்குபடுத்தி இனிப்பின் வேளைகளைக் குறைத்தால் பல் மீளக்கூடும். அது பழுப்பாகிப் பள்ளமானால் தானாக மீளாது. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது என்கிறார்கள். வலியோடு போகும் முதல் பயணம் அச்சத்தைத்தான் கற்பிக்கும். ‘சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று வீட்டில் மிரட்டி வளர்த்த பிள்ளை, அந்த நாற்காலியில் வாயைத் திறக்காது. ஆறு வயது கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை முன்கூட்டியே பூசி அடைத்துவிடும் முறை இருக்கிறது. அது வலியற்றது, சில நிமிட வேலை. துளையிடாமலே சொத்தையின் ஓட்டத்தை நிறுத்தும் சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற திரவமும் 2021இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்ந்துள்ளது. அதைத் தடவிய இடம் நிலையாகக் கறுத்துவிடும் என்பதால் பெற்றோர் தயங்குவர். துளையிடும் கருவியைக் கண்டு நடுங்கும் மூன்று வயதுப் பிள்ளையின் பின்பல்லுக்கு அந்தக் கறுப்பு பெரிய விலையன்று.